கவர்னர் வாங்கிய கல்

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'ரீஜென்ட்' வைரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சென்னைக் கோட்டையில் பேரம் பேசி வாங்கிய கல் அது.

வாங்கியவர் தாமஸ் பிட். 1653இல் இங்கிலாந்தின் டார்செட்டில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். இருபது வயதுக்குமேல் கப்பலேறிப் பாலசோருக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தைச் சட்டை செய்யாமல் சொந்த வியாபாரம் பார்த்தார். கம்பெனி வழக்குப் போட்டது, அபராதம் விதித்தது, மனிதர் மசியவில்லை. கடைசியில் 1698இல் அவரையே புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக அனுப்பிவைத்தது. திருடன் கையிலேயே சாவி! ஆனால் சாவி பத்திரமாகத்தான் இருந்தது. 1702இல் நவாப் தாவூத் கான் மாதக்கணக்கில் சென்னையை முற்றுகையிட்டபோது, வீறாப்பும் பணமுமாகச் சமாளித்துத் திருப்பி அனுப்பியவர் பிட்தான்.

கவர்னர் வேலையோடு வைர வியாபாரமும் நடந்தது. கோல்கொண்டாச் சுரங்கத்துக் கல் ஒன்றை ஜாம்சந்த் என்ற வணிகர் கொண்டுவந்தார். எடை 410 காரட். விலை இரண்டு லட்சம் வராகன் என்றார். பிட் தலையசைக்கவில்லை. ஜாம்சந்த் போனார், வந்தார், லட்சத்துக்கு இறங்கினார். பிறகும் இழுபறி. வெங்கட்டிச் செட்டி என்பவர் நடுவில் புகுந்து பேசியபின் 48,000 வராகனுக்குப் படிந்தது. கல்லை மகன் ராபர்ட் லண்டனுக்குக் கொண்டுபோனார். பட்டை தீட்டவே சுமார் இரண்டு வருஷம். எடையில் மூன்றில் இரண்டு பங்கு போய், மிஞ்சியது 140 காரட் சொச்சம். சீவிய துண்டுகளும் வீணாகவில்லை, தனியாக விலைபோயின.

அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? சுரங்க அடிமை ஒருவன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் கல்லை ஒளித்துக் கடத்தினான், கப்பல்காரன் அவனைக் கொன்று பறித்தான் என்றெல்லாம் கதை கிளம்பியது. பிட்டின் நாணயம் பற்றியும் பேச்சு. பதவி போய் ஊர் திரும்பும் வழியில், 1710இல் நார்வேயின் பெர்கனில் உட்கார்ந்து, நடந்த பேரத்தைச் சத்தியம் செய்து எழுதிவைத்தார். மேலே சொன்ன பேரம் அதில் உள்ளதுதான். ஆகவே ஒரு தரப்பு வாக்குமூலம்.

இவ்வளவு பெரிய கல்லுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். 1717இல் பிரான்ஸின் ரீஜென்ட் ஓர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுனுக்கு வாங்கினார். தயங்கியவரைத் தூண்டியவர்களில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்து நிதி வித்தகரும் ஒருவர். 1722இல் அது பதினைந்தாம் லூயியின் முடியில் ஏறியது. அந்த முடி இன்றும் லூவ்ரில் இருக்கிறது. அதில் இப்போது பதித்திருப்பவை போலிக் கற்கள்.

1792இல், புரட்சிக் கலவரத்தில் கல் திருடு போனது. அடுத்த வருஷம் பாரிஸில் ஒரு பரணில் அகப்பட்டது. பிறகு அரசாங்கமே அதை அடகு வைத்தது. மீட்ட நெப்போலியன் தன் வாள்பிடியில் பதித்துக்கொண்டார். அந்த நெப்போலியனை எதிர்த்து இங்கிலாந்தைத் திரட்டிய பிரதமர் இளைய வில்லியம் பிட் யார் என்கிறீர்கள்? நம் கவர்னரின் கொள்ளுப்பேரன். வைரப் பணத்தில் வாங்கிய நிலபுலன்களும் நாடாளுமன்றச் செல்வாக்கும்தான் அந்தக் குடும்பத்தை மேலே தூக்கிவிட்டன. கம்பெனி கொடுத்த சம்பளத்தில் இதெல்லாம் நடந்திருக்காது.

1887இல் பிரெஞ்சுக் குடியரசு அரச நகைகளை ஏலம் விட்டபோது இதை மட்டும் விற்க மனம் வரவில்லை போலும், லூவ்ருக்குக் கொடுத்தது. 2025 அக்டோபரில் அங்கே பட்டப்பகலில் புகுந்த திருடர்கள் எட்டு நகைகளை அள்ளிச் சென்றார்கள். பிட்டின் கல் அவற்றில் இல்லை.