தங்கம் தீர்ந்தது, ஊர் தீரவில்லை

மழை பொய்க்கும் ஆண்டுகளில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்கும்போது பழைய தெல்தெனிய நகரத்தின் மிச்சங்கள் தலைகாட்டும். திகனவிலிருந்தும் கண்டியிலிருந்தும் சனம் பார்க்கப் போகும். 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்திருந்து திறந்துவைத்த 122 மீற்றர் உயர அணை, ஒரு நகரத்தையே விழுங்கியது. திகன புதுநகரமாக வளர்ந்ததும் அந்த அணையால்தான். செத்த ஊரைப் பார்ப்பதில் மனிதருக்கு என்னவோ ஓர் ஆசை.

அந்த ஆசைக்கு நுழைவுச்சீட்டு போட்டவர்கள் கலிபோர்னியாக்காரர்கள். 1859இல் போடி என்பவர் அங்கே மலைப்பகுதியில் தங்கம் கண்டார். அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் அகப்பட்டு இறந்தும் போனார். அவர் பெயரில் எழுந்த நகரத்தில் இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். தங்கம் வற்றியதும் கலைந்தார்கள். எஞ்சிய மரவீடுகளை 1962இல் மாநில அரசு வரலாற்றுப் பூங்காவாக்கியது. அங்கே எதையும் புதுப்பிப்பதில்லை, இடிந்து விழாமல் முட்டுக்கொடுப்பதோடு சரி.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலையும் இப்படிச் சுற்றுலாத் தலமாக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. 'கே.ஜி.எஃப்.' சினிமா வந்த பிறகு இன்னும் கூடுதலாக.

கோலாரில் 1880இல் ஜோன் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பனி சுரங்கம் தோண்ட இறங்கியது. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. கண்டிச் சீமைக்குக் கப்பலேறியவர்களைப் போலவே, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் பிழைப்புக்காகக் கோலாருக்கு நடந்தன. குடியிருக்க அங்கேயும் லயன்கள்தான். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீற்றருக்கு மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள், சுரங்கத்துக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறும்போது மேலே வீட்டுச் சுவர்களும் விரிசல் விடும். 'ராக் பர்ஸ்ட்' என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இலங்கைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1898இல் தமிழகத்தின் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபையின் கேணல் ஒல்கொட்டின் உதவியோடு கொழும்பு வந்து, ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிப் போய் அவர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு வலுவான கிளை அமைந்தது தங்கவயலின் மாரிகுப்பத்தில்தான். அவர் 1914இல் மறைந்த பிறகு, அவருடைய 'தமிழன்' இதழைச் சில காலம் அந்த ஊர்க்காரர்களே நடத்தினார்கள். பூமிக்கடியில் வேலை செய்தவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், வாதாடினார்கள், சங்கம் வைத்தார்கள். எந்தச் சினிமாவையும்விட எனக்குப் பிடித்த கோலார் கதை இதுதான்.

ஏறக்குறைய 800 தொன் தங்கத்தைக் கொடுத்துவிட்டு, 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. குழிகளில் தண்ணீர் நிறைந்தது. தங்கம் பிரித்த கழிவு மலைமலையாகக் குவிந்து 'சயனைட் மேடு' என்ற பெயரோடு நிற்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூசி வீட்டுக்குள் வரும்.

ஆனால் ஆட்கள் போகவில்லை. விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களில் நிற்க இடமிருக்காது. அங்கே வேலை பார்த்துவிட்டு, இரவில் அதே லயனுக்குத் திரும்பி வருகிறார்கள். போடியில் கடைசி ஆளும் கிளம்பிய பிறகு பூங்கா வந்தது. ஆளிருக்கும் ஊரை அப்படி 'பேய் நகரம்' என்று விளம்பரப்படுத்துவது அநியாயம். அரசுக்கு அக்கறை இருந்தால் முதலில் அந்த மேட்டில் புல்லையும் மரத்தையும் வளர்த்துத் தூசியை அடக்கட்டும். இறங்குகுழிக் கோபுரங்களைக் காட்சிப்படுத்துவதைப் பிறகு பேசலாம். வழிகாட்டி வேலைக்கு வெளியாள் தேடவும் தேவையில்லை.