மீன்காட்சியகத்தில் சிக்கிய கிருமி

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கு வலை கிடையாது. தண்ணீரில் அமிழ்ந்தபடி சேற்றைத் துழாவி, அகப்பட்டதை ஓலைப்பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். இறாலின் கொம்பு குத்தும், சிப்பி கிழிக்கும். அந்தக் காயமெல்லாம் பெரும்பாலும் தானாக ஆறிவிடும்.

சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி தடித்து எழுந்து ஆறாமலே நின்றால், மைக்கோபாக்டீரியம் மரைனத்தையும் சந்தேகிக்க வேண்டும். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய பங்காளி இது. 30 டிகிரி சூட்டில்தான் செழித்து வளரும் என்பதால் நுரையீரல் பக்கம் போகாமல் பெரும்பாலும் விரலிலும் கையிலுமே தங்கிவிடுகிறது. மீனவர்களையும் மீன்தொட்டி வைத்திருப்பவர்களையும் உலகெங்கும் பிடிக்கிற நோய். மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டால் குணமாகும்.

1926இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் செத்துப்போன கடல்மீன்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர் ஜோசப் ஆரன்சன். காசநோய் வரலாற்றில் இவ்வளவு அநியாயமாக மறக்கப்பட்டவர் வேறொருவர் இருக்க முடியாது.  ஆரன்சனைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஏனென்றால், 1935இல் அமெரிக்கப் பழங்குடி மக்கள் சுமார் 3,000 பேரிடம் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கியவரும் இவர்தான். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். தடுப்பூசி போட்டவர்களிடம் காசம் வெகுவாகக் குறைந்தது. பிற்காலத்தில் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 60 ஆண்டு கழித்தும் பாதுகாப்பு 52 சதவீதம் என்று 2004இல் வெளியான முடிவு சொல்கிறது.

அதே ஊசி செங்கல்பட்டு மாவட்டத்தில் தோற்றது! பழவேற்காடும் திருவள்ளூரும் அன்று அந்த மாவட்டம்தான். 1968இல் திருவள்ளூர் வட்டாரத்தில் தொடங்கிய சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். யாருக்குப் போட்டது மருந்து, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை.

1955இலேயே பி.சி.ஜி.யை எதிர்த்து எழுதியவர் ராஜாஜி. அவர் சொன்னதுதான் பலித்தது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதுவது தவறு. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காசத்திலிருந்து இந்த ஊசி காக்கிறது; இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

குற்றவாளியை ஊசிக்குள் தேடாமல் மண்ணிலும் தண்ணீரிலும் தேடியவர்களே பாராட்டுக்குரியவர்கள். திருவள்ளூர் வட்டாரத்தில் காசத்தை உண்டாக்காத வேறு மைக்கோபாக்டீரியங்கள் ஏராளம். சிறுவயதிலேயே ஏறத்தாழ எல்லோரும் அவற்றோடு பழகிவிட்டதைத் தோல் பரிசோதனைகள் காட்டின. அந்தப் பழக்கமே ஓரளவு எதிர்ப்பாற்றலைக் கொடுத்துவிட்டதால், ஊசி தருவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். அல்லது, ஏற்கெனவே விழித்துக்கொண்ட உடம்பு ஊசியிலிருந்த கிருமியைப் பெருகவிடாமல் அழித்திருக்கலாம். இரண்டு வாதத்துக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறார்கள். சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு மையத்தினர் 1990களில் அதே வட்டாரத்து மண், தண்ணீர், தூசி, மனிதர்களின் சளி என எல்லாவற்றிலிருந்தும் அந்தக் கிருமிகளை வளர்த்தெடுத்துக் காட்டினார்கள்.