மூன்று முனை, ஆறு முனை: திறந்த காருக்கு எந்த வார்?

சிங்கப்பூரில் நிரந்தரக் கார்ப் பந்தயத் தடம் கிடையாது. அப்பர் தாம்சன் சாலையில் 1961இல் தொடங்கிய பந்தயம் 1973உடன் நின்றுபோனது. 2008இல் தொடங்கிய மரினா பே இரவுப் பந்தயமோ நகரச் சாலைகளைத் தற்காலிகமாக அடைத்து நடத்தப்படுவது. ஆகவே செங்காங் வீவக கார்ப்பேட்டையில் மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற திறந்த கார் வைத்திருப்பவர் அதன் முழு வேகத்தைப் பார்க்க விரும்பினால், தெம்பனிஸ், சிலேத்தார் விரைவுச்சாலைகள் வழியே உட்லண்ட்ஸ் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் செப்பாங் தடத்துக்குப் போக வேண்டும். முதலில் பல மணி நேரச் சாலைப் பயணம், பிறகு 5.543 கிலோமீட்டர் தடத்தில் சுற்றுகள். இரண்டுக்கும் ஒரே கார்தான் என்பதால், காரின் மூன்று முனை வாருக்குப் பதில் ஆறு முனைப் பந்தய ஹார்னஸ் மாட்டிவிடலாமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. முடிவெடுக்குமுன் இரண்டு வார்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

மோதும் கணத்தில்

காரோடு வரும் மூன்று முனை வார், வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் தந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. இன்றைய கார்களில் இந்த வார் தனியாக இயங்குவதில்லை. மோதியவுடன் ஒரு சிறு வெடிமருந்துக் கருவி வாரைச் சட்டென்று இழுத்து இறுக்கும். மார்பின் மீதான விசை எல்லை தாண்டும்போது சுருள் சற்றே விட்டுக்கொடுக்கும். உடல் முன்னால் நகரும் அந்த அளவையும் கணக்கில் வைத்தே காற்றுப்பை விரிகிறது.

ஆறு முனை ஹார்னஸில் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே இரண்டு என வார்கள் உடலை இருக்கையோடு சேர்த்துக் கட்டிவிடும். வளைவில் உடல் சாயாது. ஓட்டுநர் திருப்புவளையத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. தடத்தில் இது பெரிய நன்மை. ஆனால் நேர் மோதலில் உடல் நின்றுவிட, தலை மட்டும் முன்னே பாயும். 2001இல் டேட்டோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் கருவியை ஃபார்முலா 1 பந்தயம் 2003இல் கட்டாயமாக்கியது. ஹான்ஸ் அணியத் தலைக்கவசம் வேண்டும். விரைவுச்சாலையில் யாரும் அதை அணிந்து ஓட்டுவதில்லை.

மலிவு என்று வாங்கப்படும் நான்கு முனை வாரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மோதலின்போது தோள் வார்கள் இடுப்பு வாரை மேலே இழுக்க, அது இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறும். உடல் அதன் அடியில் நழுவும். இதைத் தடுக்க ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் ஒரு தோள் வாரில் மட்டும் ஒரு மடிப்பு வைத்துத் தைக்கிறது. மோதலில் தையல் பிரிந்து அந்தத் தோள் சற்று முன்னே போக, உடல் திரும்பி, நழுவல் குறைகிறது.

கூரை இல்லாதபோது

தோள் வார்களை இருக்கைக்குப் பின்னால் தரையில் பூட்டினால், மோதும்போது அவை தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நெரிக்கும். சர்வதேச வாகனச் சம்மேளன விதிப்படி கிடைமட்டத்திலிருந்து அந்தச் சாய்வு 45 பாகைக்கு மேல் போகக்கூடாது. ஆகவே பின்னால், தோள் உயரத்தையொட்டி, உறுதியான குறுக்குக் கம்பி தேவை.

கார் கவிழ்ந்தால் நிலைமை இன்னும் கடினம். ஹார்னஸ் ஓட்டுநரை நிமிர்த்தியே வைத்திருக்கும்; குனியவோ சாயவோ விடாது. கவிழும்போது காரைத் தாங்கும் கம்பியான ரோல் பார் தலையைவிடத் தாழ்ந்திருந்தால் காரின் எடை கழுத்தில் இறங்கும். சோதிக்க எளிய வழி உண்டு: ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஒரு நேர்க்கோல் வையுங்கள். தலைக்கவசம் அந்தக் கோலுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். காரோடு வந்த இருக்கையில் உயரமானவர்கள் பலர் இதில் தேறுவதில்லை.

அன்றாட ஓட்டத்தில்

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடவுச்சீட்டையோ கியூஆர் குறியீட்டையோ காட்டக் கையை வெளியே நீட்ட வேண்டும். மூன்று முனை வார் உடலோடு நீண்டு, தானே திரும்பச் சுருண்டுகொள்ளும். ஹார்னஸைத் தளர்த்தினால்தான் கை எட்டும். தளர்த்தியதை அவசரத்தில் மீண்டும் இறுக்காமல் கிளம்புவது எளிது. தளர்ந்த ஹார்னஸ் காப்பாற்றாது. சாலையில் தடம் மாறும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் சிரமமாகும். திறந்த காரில் விழும் வெயில் பாலியெஸ்டர் இழையை நாளடைவில் நலிவாக்கும் என்பதால், காலாவதித் தேதியோடு வாரின் நிறம் மங்குகிறதா என்பதையும் பார்த்துவர வேண்டும்.

தீர்ப்பு

சாலைக்கு மூன்று முனை வாரே சரி, அதைக் கழற்றாதீர்கள். தடத்துக்கு ஆறு முனை ஹார்னஸ் சரி. ஆனால் தலைக்கு மேல் உயர்ந்த ரோல் பார், அதற்கேற்ற இருக்கை, தலைக்கவசம், ஹான்ஸ் எல்லாம் கூடவே வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஹார்னஸ் வேண்டாம். இரண்டு வார்களையும் ஒரே காரில் வைத்துக்கொள்ள எண்ணினால், வேலையைத் தொடங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் பதில் கேட்டுப் பெறுங்கள்.