தொழுநோய் மருந்துகளும் தோலுக்கு நேர்ந்த துன்பமும்

பல்லவர் சாளுக்கியர் போர்களைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். இன்று மாணவர்களாகிய உங்களுக்கு நம் ஊருக்கு அண்மையில் நடந்த வேறொரு போரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அது தொழுநோயோடு நடத்திய போர். காஞ்சிபுரத்து நெசவாளருக்குக் கண்ணைப் போலவே விரல் நுனியும் துணை. மெல்லிய பட்டிழையை உணரும் அவ்விரலின் உணர்வையே பறிப்பது இந்நோய்.

2019ஆம் ஆண்டுவரை காஞ்சிபுரமும் செங்கற்பட்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் மருத்துவ இல்லம் தோன்றியது. அக்காலத்து மருந்து, நம் முன்னோரும் அறிந்த நீரடிமுத்து எண்ணெய். உண்டால் குமட்டும், ஊசியால் செலுத்தினால் கடுமையாக வலிக்கும், சிலருக்கு ஊசியிட்ட இடம் கட்டியாகிப் புண்ணாகும். பயனோ உறுதியற்றது.

1908இல் ஜெர்மனியில் உருவான டாப்சோன் என்னும் பொருளை, டாக்டர் இராபர்ட் காக்ரேன் 1946இல் நம் நாட்டுத் தொழுநோயாளருக்கு அளித்துப் பார்த்தார். நோய் தணிந்தது. ஆயினும், மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஒரு சிலருக்குக் காய்ச்சல் கண்டது, உடலெங்கும் தடிப்பு எழுந்து தோல் உரிந்தது, உயிரிழந்தவரும் உண்டு. மருத்துவர்கள் இதனை மறைக்காமல் எழுதி வைத்தனர். இக்குறி தோன்றினால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்பது பாடமாயிற்று. மரபுவழி வரும் உடற்கூறு ஒன்று இவ்வாபத்தை மிகுவிக்கிறது என்பதைச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2013இல் கண்டறிந்தனர். எழுதி வைத்த குறிப்பு வீண்போகவில்லை.

திருமணி நிலையத்தை 1955இல் மத்திய அரசு ஏற்றது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அதில் ஒன்றாகிய குளோஃபாசிமின் தோலைச் செம்மையாகவும் கருமையாகவும் மாற்றும். மருந்தை முடித்தபின் நிறம் மெல்ல மெல்லத் தெளியும். ஆனால் நிறத்தைக் கண்டு ஊரார் நோயை அறிவரே என்று அஞ்சி, மருந்தை இடையில் விட்டவர் உண்டு. அவர்களை வருத்தியது மருந்தன்று. நம் சமுதாயத்தின் அருவருப்பு.

ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். தொழுநோயாளரின் பாதத்துப் புண் பெரும்பாலும் மருந்தால் வருவதன்று. முள்ளும் சூடும் உணராத பாதத்தில் விளைவது. நோய் செய்வது எது, மருந்து செய்வது எது எனப் பிரித்தறிவதே மருத்துவ அறிவு. ஆகவே, மருந்துண்ணும்போது தோலில் தடிப்போ புண்ணோ கண்டால் மறைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கூறுங்கள். கூறியவர்களாலேயே மருத்துவம் வளர்ந்தது.