விலை குறைந்த விமானமும் விலை கூடிய பாடமும்



பாவித்த வாகனம் வாங்குவது நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாவித்த சிறிய ஜெட் விமானங்களுக்கும் அப்படியொரு சந்தை உண்டு. அதன் வரலாற்றில் நமக்கும் பாடம் இருக்கிறது.

அமெரிக்கரான பில் லியர் தயாரித்த லியர்ஜெட் 23 முதன்முதலில் பறந்தது 1963 ஒக்டோபர் 7இல். அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. போர் விமான இயந்திரத்திலிருந்து உருவான இயந்திரம் அதில் இருந்தது. வேகம் அதிகம், இரைச்சலும் அதிகம். கம்பனி முதலாளிகள் விரும்பி வாங்கினார்கள். சில ஆண்டுகளில் அவர்கள் புதியவற்றுக்கு மாற, பழையவை சந்தைக்கு வந்தன.

பாவித்த ஜெட்களை வாங்கி விற்ற வியாபாரிகளில் ஒருவர் ஃபிரெடரிக் ஸ்மித். 1971இல் ஃபெடரல் எக்ஸ்பிரஸைத் தொடங்கிய அவர், பிரான்ஸில் தயாரான ஃபல்கன் 20 என்ற சிறிய ஜெட்களைத் தேர்ந்தெடுத்தார். ஏன் பெரிய விமானங்களை வாங்கவில்லை? 7,500 இறாத்தலுக்கு மேல் சுமை ஏற்றும் விமானத்துக்கு அன்று தனி அனுமதி வேண்டும். அது இலகுவில் கிடைக்காது. ஃபல்கன் அந்த எல்லைக்குள் அடங்கியது. 1973 ஏப்ரல் 17 இரவு 14 ஃபல்கன்கள் 186 பொதிகளை 25 நகரங்களுக்குக் கொண்டு சென்றன. 1977இல் அந்தச் சட்டம் தளர்ந்ததும் கம்பனி பெரிய போயிங் 727களுக்கு மாறியது.

சட்டம் ஒன்று சிறிய ஜெட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது. இன்னொரு சட்டம் மதிப்பைப் பறித்தது. 75,000 இறாத்தலும் அதற்குக் குறைவும் எடையுள்ள, இரைச்சல் கூடிய பழைய ஜெட்கள் 2015 டிசம்பர் 31க்குப் பிறகு அமெரிக்காவில் பறக்கக் கூடாது என்று 2012இல் சட்டம் வந்தது. பழைய லியர்ஜெட்கள் பலவும் அதில் அகப்பட்டன. இரைச்சலைக் குறைக்கும் மாற்றம் செய்யாதவை தரையில் நின்றுவிட்டன. இயந்திரம் நன்றாக இருந்தும் பயனில்லை.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை. இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, அடுத்த முழுப் பழுதுபார்ப்பு எப்போது, பராமரிப்புப் புத்தகங்கள் முழுமையாக உள்ளனவா, விமானத்தின் மேல் கடன் பதிவாகியுள்ளதா என்றெல்லாம் பார்ப்பார்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பழுதுபார்ப்பு நிலையத்தில் பரிசோதிப்பார்கள். புத்தகம் தொலைந்த விமானத்தின் விலை சரிந்துவிடும். வாங்கும் விலை குறைந்தாலும் எரிபொருள், உதிரிப்பாகம், விமானிக்கான செலவு குறைவதில்லை.

குறையை மறைத்து விற்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் விற்பவரின் நேர்மையை மட்டும் நம்பி வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நம் இளைஞர்கள் லீசிங்கில் வேனோ லொறியோ எடுத்துத் தொழில் தொடங்கும்போது, ஏன் இந்த விலைக்குத் தருகிறார்கள், மாதாமாதம் எவ்வளவு போகும், நாளை சட்டம் மாறினால் இது ஓடுமா என்ற மூன்று கேள்விகளையும் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். கையெழுத்து வைக்க முன் பேசினால்தான் பலன்.