பி53 மரபணு ஒடுக்கமும் வைரஸ் கடத்திகளும்: ஒரு வரலாற்று நோக்கு

எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரஸால் உருமாறிய உயிரணுக்களில், அவ்வைரஸின் புரதத்தோடு பிணைந்த நிலையில் பி53 புரதம் 1979இல் கண்டறியப்பட்டது. புற்றைத் தூண்டுவதாக முதலில் கருதப்பட்ட அது, உண்மையில் புற்றை ஒடுக்குவது என 1989இல் தெளிவாயிற்று. 1992இல் அம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவை இளமையிலேயே புற்றுக்கு ஆளாயின. எனினும் இம்முறை மரபணுவை அறவே அகற்றியதேயன்றி, அதன் செயலைப் படிப்படியாகக் குறைத்துக் காண இடந்தரவில்லை.

ஃபயர், மெல்லோ ஆகியோர் 1998இல் வெளிப்படுத்திய ஆர்.என்.ஏ. குறுக்கீடு இக்குறையைப் போக்க வழிவகுத்தது. அதனைப் பின்பற்றி 2003இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தார், பி53இன் தூது ஆர்.என்.ஏ.வை வெவ்வேறு அளவில் ஒடுக்கும் குறு ஆர்.என்.ஏ. வரிசைகளை வடிவமைத்தனர். அவ்வரிசைகள் ரெட்ரோவைரஸ் கடத்திகள்வழிச் சுண்டெலியின் குருதியாக்கக் குருத்தணுக்களில் செலுத்தப்பட்டன. கடத்தி கொணர்ந்த வரிசை உயிரணுவின் மரபுத்தொகுதியிலேயே இணைந்தமையால் ஒடுக்கம் நிலைபெற்றது. ஒடுக்கத்தின் அளவுக்கேற்பக் கட்டிகளின் கடுமையும் வேறுபட்டது.

ஆகவே, பி53 செயல் குன்றிய கட்டிகள் அனைத்தையும் ஒரு தரமாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதும், இழப்பின் அளவும் கருதத்தக்கது என்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன.