பணமில்லை என்று வாசலோடு திரும்ப வேண்டாம்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவனுக்கே இப்போது ஐம்பது வயது. "டீச்சர், என் பையன் கஞ்சா, மாத்திரை என்று கெட்டுப்போய்விட்டான். ஓர் இடத்தில் மூன்று லட்சம் கேட்கிறார்கள். வீட்டை அடகு வைக்கட்டுமா?" என்று அழுதான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் என் தவறு. 1989-இல் நான் மயிலாப்பூரில் வேலை பார்த்தபோது, ஒரு மாணவியின் அண்ணன் பிரவுன் சுகருக்கு அடிமையாகியிருந்தான். அவர்களுடைய அம்மா யோசனை கேட்டார். "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், சரியாகிவிடுவான்" என்றேன். பண்ணி வைத்தார்கள். இரண்டே வருடத்தில் அவன் இறந்தான். கைக்குழந்தையோடு அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போனாள். அப்போதே அடையாறில் இதற்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அதன் வரலாறு இதுதான். நம் மாநிலத்தில் மதுவிலக்கைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். 1937-இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்தார். 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டது. கடையைத் திறப்பதா மூடுவதா என்றே சண்டை போட்டோம். குடிப்பவனை எங்கே படுக்க வைத்துக் குணப்படுத்துவது என்று கேட்டவர்கள் குறைவு.

முன்னாள் நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல் இறந்தார். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் வீட்டுக்குள் முடங்கவில்லை. அமெரிக்காவில் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்றார். 1980-இல் கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். 1987-இல் இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை எழுந்தது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999-இல் ஐ.நா.வின் வியன்னா விருது வந்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. குடியும் போதையும் ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்று அங்கே சொன்னார்கள். மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாகக் கவுன்சலிங் வைத்தார்கள். சென்னைக்கு வர வசதியில்லாதவர்களுக்காக மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் இலவச முகாம் நடத்தினார்கள். மத்திய அரசும் 1985-86 முதல் இத்தகைய தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. பணக்காரர்கள் மட்டும் கடல் தாண்டிப் போய்ப் பெற்ற வைத்தியம் இப்படித்தான் நம் தெருவுக்கு வந்தது.

ஆகவே, வீட்டில் இந்தக் கஷ்டம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. 14446 என்ற தேசிய இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசு மானியம் பெறும் மையம் அருகில் எங்கே என்று கேளுங்கள்.

2. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு, இரண்டையும் முதலில் பாருங்கள்.

3. அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனால், "எங்களால் இவ்வளவுதான் முடியும், சலுகை உண்டா?" என்று சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சம்பளச் சீட்டையும் ரேஷன் கார்டையும் கையில் வைத்திருங்கள்.

4. தனியார் இடம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று கேளுங்கள். மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள்.

5. இன்ஷூரன்ஸை நம்பிச் சேர்க்காதீர்கள். பல பாலிசிகளில் குடி, போதை சிகிச்சைக்குப் பணம் கிடையாது.

6. சிகிச்சை முடிந்தபின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நார்காட்டிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு அனுப்புங்கள். கட்டணமே இல்லை. மறுபடி விழுந்தாலும் கைவிடாதீர்கள். சர்க்கரை நோய் போல இதுவும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய நோய்.

அந்த மாணவன் வீட்டை அடகு வைக்கவில்லை. திங்கட்கிழமை பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். வெள்ளை அட்டையில் அடுத்த தேதி எழுதி வாங்கியிருக்கிறான். அந்தத் தேதிக்கு நானும் கூடப் போகிறேன்.

வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இந்தத் தடவை கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்